சனிக்கிழமைப் பொட்டலம்

நம் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒருத்தி விருதுநகர் எண்ணெய் பரோட்டா படம் போட்டாள். உடனே இருபது பேர் நாக்கைத் தொங்கப்போட்டு வந்துவிட்டீர்கள். எச்சில் ஊறுதாம், கண்ணில் தண்ணி வருதாம், அந்தச் சால்னாவுக்கு ஈடு இணை கிடையாதாம். நான் ஒருத்திதான் ஒன்றும் எழுதவில்லை. "என்ன மகாராணி, உனக்குப் பரோட்டா பிடிக்காதோ?" என்று ஒரு வாயாடி கேட்டிருந்தாள்.

பிடிக்காமல் என்ன. எனக்குப் பிடித்த அளவுக்கு உங்களில் எவருக்கும் பிடித்திருக்காது. ஆனால் அதை இரண்டு வரியில் தட்டிவிட முடியாது. நாற்பது நமக்கெல்லாம் கூப்பிடு தூரத்தில் வந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் முட்டி பேசுகிறது. இனியும் மனசுக்குள் வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன்? உட்கார்ந்து படியுங்கள்.

எம். புதுப்பட்டியில் நாம் ஐந்தாவது படித்த வருஷம் அது. புது நூற்றாண்டு பிறந்த புதிது. பலசரக்குக் கடை வாசலில் சிவப்பு நிறத்தில் ஒரு ரூபாய் போன் வந்திருந்தது. பேச ஆளே இல்லாவிட்டாலும் நாம் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து அந்த 'ங்ங்ங்' சத்தத்தைக் கேட்டுவிட்டு ஓடுவோமே, அந்தப் போன்தான். இப்போது அந்தப் பெட்டியைத் தேடினாலும் கிடைக்காது.

அப்பா கம்பெனி வண்டி ஓட்டினார். பட்டாசுப் பெட்டிகளை லோடு ஏற்றி, ஆமத்தூர் வழியாக விருதுநகர் லாரி செட்டில் இறக்கிவிட்டு வருவார். அம்மா வேறொரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஆடி பிறந்தால் தீபாவளி வரைக்கும் சீசன். காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஊர்முனையில் நின்று ஹாரன் அடிக்கும். அம்மா ஒரு தம்ளர் வரக்காப்பியை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, தலையை அள்ளிச் செருகிக்கொண்டு ஓடுவாள். மத்தியானத்துக்கு என்று தூக்குவாளியில் சோறு கொண்டுபோவாள். சாயங்காலம் அதே வாளி அதே கனத்தோடு திரும்பி வரும். நான் வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் சாப்பிடலையாம்மா?" என்பேன்.

"கையெல்லாம் மருந்து. அதக் களுவித் தின்னுட்டு வாறதுக்குள்ள வேல போயிரும்ட்டி" என்பாள்.

நம் பக்கத்தில் மருந்து என்றால் பட்டாசுக்குள் அடைக்கிற மருந்துதான். போதாக்குறைக்கு ஆடி மாதம் செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு விரதம். ஆக மொத்தம் அம்மா பகலில் சாப்பிட்ட நாளை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். அத்தனை பசியையும் சேர்த்து வைத்துச் சாயங்காலம் ஒரே வேளையாகச் சாப்பிடுவாள்.

அந்த மருந்துத் தூசியைப் பற்றி நம் பெரியவர்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது, நினைவிருக்கிறதா? மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் போகிற தூசி வயிற்றில் படிந்துவிடும். அதை வெளியே எடுக்க வாழைப்பழம் தின்னச் சொல்வார்கள் சிலர். வெல்லம் என்பார்கள் சிலர். அப்பா பழகிய லாரி செட்டிலோ, எண்ணெய்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டார்கள். எண்ணெய் சேர்ந்தால் தூசி வழுக்கிக்கொண்டு போய்விடுமாம். அப்பா அதைச் சட்டம் மாதிரி பிடித்துக்கொண்டார். அதனால் சனிக்கிழமைதோறும் அவர் விருதுநகரில் வாங்கிவரும் பரோட்டா எங்கள் வீட்டில் பலகாரமும் ஆச்சு, வைத்தியமும் ஆச்சு.

அந்தப் பொட்டலத்தை நான் எப்படிச் சொல்வேன்! வாழையிலையில் வைத்து, செய்தித்தாள் சுற்றி, சணலால் கட்டியிருக்கும். தாளில் எண்ணெய் ஊறி எழுத்தெல்லாம் கண்ணாடி போலத் தெரியும். சால்னா தனியாகப் பாலித்தீன் பையில், முடிச்சுப் போட்டு, தொட்டால் சுடும். வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே எனக்கு அந்த வாசம் வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

அப்பா உடனே கொடுக்கமாட்டார். கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே வருவார்.

"ஏ புள்ள, கடையில இன்னைக்குச் சரியான கூட்டம். வாங்க முடியல."

அம்மாவும் விடமாட்டாள். "அதனால என்ன? கஞ்சி இருக்கு. குடிச்சுக்கிருவோம்" என்பாள்.

அவ்வளவுதான், அப்பா சிரித்துவிடுவார். பொட்டலம் முன்னால் வரும். வாரம் தவறாமல் அதே பொய், அதே பதில், அதே சிரிப்பு. வாரம் முழுவதும் ஆளுக்கொரு கம்பெனியில் கிடந்து உழைத்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அந்த வேளையில்தான். அப்பா முதல் துண்டைப் பிய்த்துச் சால்னாவில் தோய்த்து அம்மா தட்டில் வைப்பார். எண்ணெயில் பொரித்த பரோட்டா அல்லவா, சால்னாவில் தோய்ந்தும் மொறுமொறுவென்று நொறுங்கும். தான் சாப்பிடாமல் அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆடி பாதியில் ஒரு சனிக்கிழமைதான் முதன்முதலாக வலி வந்தது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் இருக்கும். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வலது பக்கம் விலா எலும்புக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டாள். முதுகில் வலது தோள்பட்டைக்கு அடியில் ஆணி அறைகிற மாதிரி இருக்கிறது என்றாள். நெற்றியெல்லாம் வேர்த்து, தின்றதெல்லாம் வாந்தியாகப் போயிற்று. ஆனால் இரண்டு மணி நேரத்தில் வலி வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. மறுநாள் காலையில் அம்மா பாட்டுக்குத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா சந்தோஷப்பட்டார். ஆமாம், சந்தோஷப்பட்டார்! "பாத்தியா? தூசி கெளம்புது புள்ள. வெளிய வாறப்ப வலிக்கத்தான் செய்யும்" என்றார். அடுத்த வாரம் பரோட்டாவோடு இரண்டு ஆம்லெட்டும் வந்தது.

இப்படியே நாலைந்து வாரம் போனது. பிறகு அப்பாவே பயந்துபோய் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "வலி வர்றதுக்கு முன்னாடி என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். அம்மா பக்கத்தில் நின்ற அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டு, "கஞ்சிதான் சார்" என்றாள். பரோட்டாவை வைத்தியமாகவே எண்ணியிருந்த அப்பாவும் அதைத் திருத்தவில்லை. நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்த அல்சர் என்று சொல்லி ஒரு வெள்ளை டானிக் எழுதிக் கொடுத்தார் டாக்டர். புதினா வாசம் அடிக்கும் டானிக். மூடியில் ஒட்டியிருந்ததை நான்தான் நக்குவேன். கஞ்சி குடித்தால் வலிக்கிறது என்று சொல்பவளுக்கு அந்த மனுஷன் வேறு என்னதான் எழுதிக் கொடுப்பார்?

இப்போது என் குட்டையும் உடைக்கிறேன். எது தின்றால் வலிக்கிறது என்று எனக்குத் தெரியும். அப்பாவின் வண்டி வெளியூர் லோடுக்குப் போன வாரம் பரோட்டா வரவில்லை, வலியும் வரவில்லை. பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் பிரியாணி தின்ற புதன்கிழமை வலி வந்தது. ஐந்தாவது படிக்கிறவளுக்கு இந்தக் கணக்கு விளங்காதா? நன்றாகவே விளங்கியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் பரோட்டா நின்றுவிடும். ஒரு பரோட்டாவுக்காகப் பெற்ற தாயின் வலியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவள் நான். காறித் துப்புகிறவர்கள் தாராளமாகத் துப்பிக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கும் தெரிந்துதான் இருந்தது. ஒரு சனிக்கிழமை அப்பா தண்ணீர் மொள்ளப் போன சமயம் பார்த்துத் தன் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"ஏட்டி, எம்பங்கையும் நீ தின்னுரு. சீக்கிரம். அப்பா வந்துருவாக."

எனக்குக் கசக்குமா? அம்மாவுக்கு வலி வராமல் இருக்க நான் பரோட்டா தின்ன வேண்டும். இதைவிட நல்ல வேலையை உலகத்தில் யார் கொடுப்பார்கள்! அப்பா வந்து காலித் தட்டைப் பார்த்துவிட்டு, "நல்லா எறங்குது போல" என்று பூரித்துப்போய், அடுத்த வாரம் இரண்டு பரோட்டா கூடுதலாக வாங்கி வந்தார். எதிரிலேயே உட்கார்ந்து பிய்த்துப் பிய்த்துப் போட்டார். அம்மா தின்றாள். அன்றைக்கும் வலித்தது.

"அப்பாகிட்டச் சொல்லிர வேண்டியதுதானம்மா?" என்று ஒரு தடவை, அரை மனசோடுதான், கேட்டேன்.

"ஒங்கப்பா மூஞ்சியப் பாத்தியா? அந்தப் பொட்டலத்தப் பிரிக்கையில அந்த மனுசனுக்கு எம்புட்டு சந்தோசம். ஒம்ம பரோட்டாதான் என்னக் கொல்லுதுன்னு எந்த வாயால சொல்ல? ஒடஞ்சு போவாக."

"வலிக்குதேம்மா."

"ரெண்டு மணி நேரந்தான. பல்லக் கடிச்சுக்கிட்டா போயிருது."

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாசமாம் பாசம்! வலிக்கிறவள் வாயைத் திறந்து வலிக்கிறது என்று சொல்ல இவ்வளவு யோசிப்பதா? கல்யாணம் ஆன புதிதில் என் வீட்டுக்காரரிடம் நான் சொன்ன முதல் விஷயமே, "எனக்குப் பிடிக்காததை வாங்கி வந்தால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன்" என்பதுதான்.

புரட்டாசியில் சீசன் உச்சத்துக்குப் போயிற்று. அம்மாவைக் கந்தகம் சலிக்கிற இடத்துக்கு மாற்றினார்கள். அதுவரைக்கும் அலுமினியத் தூள் அப்பி வெள்ளிச் சிலையாக வருகிறவள், மஞ்சளாக வர ஆரம்பித்தாள். சாயங்காலம் துவைகல் பக்கத்தில் உட்கார வைத்து நான் முதுகுக்குத் தண்ணீர் ஊற்றுவேன். பீர்க்கை நாரால் தேய்த்தால் மஞ்சள் தண்ணீர் ஓடும். நம் தெருவில் ஆளாளுக்கு ஒரு கலரில்தானே வீடு திரும்புவார்கள், யார் யாரைப் பார்த்து என்ன கேட்க?

ஒருநாள் தண்ணீர் தெளிவாக ஓடிய பிறகும் அம்மாவின் முதுகு மஞ்சளாகவே இருந்தது. நான் மறுபடியும் தேய்த்தேன்.

"தோல உரிச்சுருவ போலயே. விடுட்டி" என்றாள்.

"மஞ்சள் போகமாட்டேங்குதும்மா."

"சோப்பு பத்தல. நாளைக்குப் போகும்."

உடம்பெல்லாம் அரிக்கிறது என்று சொறிந்துகொண்டே இருந்தாள். தூசி அரிக்கிறது என்றார்கள். ஒண்ணுக்குக் காப்பித் தண்ணி மாதிரிப் போகிறது என்றாள். சூடு என்றார்கள். அம்மாவின் உடம்பு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. அத்தனைக்கும் எங்களிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது.

அந்த வாரச் சனிக்கிழமையும் பரோட்டா வந்தது. அன்றைய வலி இரண்டு மணி நேரத்தில் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குளிர் காய்ச்சல் வந்து, மூன்று போர்வை போர்த்தியும் அம்மாவின் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. எட்டிப் பார்த்த எதிர்வீட்டுப் பெண்தான், "ஐயய்யோ, இது காமாலைல்லா!" என்று கத்தினாள். வெம்பக்கோட்டை டேமுக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்கிறார், மந்திரித்து வேர் கட்டுவார், மூன்று தடவை கட்டினால் காமாலை இறங்கிவிடும் என்றார்கள். விடிந்ததும் கிளம்புவது என்று அப்பா கம்பெனி வண்டியைக் கேட்டு வாங்கி வாசலில் நிறுத்திவிட்டார்.

அந்தச் சாயங்காலம் நர்சம்மா வந்தார். நம் தெருக்கோடி வீட்டில் இருந்தாரே, சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவர், நமக்கெல்லாம் ஊசி போட்டவர், அவரேதான். சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த வெள்ளைச் சேலையோடு, கையில் பைபிளோடு நேரே வீட்டுக்குள் வந்தார். அம்மாவை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"கண்ணு இம்புட்டு மஞ்சளா இருக்கு. இத்தன நாளா யாருமே பாக்கலையா?"

"கந்தகம்னு நெனச்சோம் நர்சம்மா" என்றார் அப்பா.

"கந்தகம் தோல்ல ஒட்டும். கண்ணு முளிக்குள்ளயா ஏறும்?" என்று கடிந்துகொண்டு, வலது விலாவுக்குக் கீழே விரலை வைத்து அமுக்கி, "மூச்ச நல்லா இளும்மா" என்றார். அம்மா பாதி மூச்சிலேயே 'ஆ' என்று நிறுத்திவிட்டாள். நர்சம்மாவின் முகம் மாறியது.

"காமாலை தானா வந்துருக்கா, எதுவும் அடச்சு வந்துருக்கான்னு தெரியணும். இதுக்கு முன்னாடி இந்த இடத்துல வலிச்சிருக்கா? என்ன சாப்பிட்டா வலிக்கும்? யோசிச்சு நெசத்தச் சொல்லும்மா."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அழுக்குக் கைலியோடு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"கஞ்சிதான்க்கா குடிப்பேன்" என்றாள் அம்மா. பல் அடித்துக்கொண்டதில் அந்தச் சொல்லே இரண்டு துண்டாக வந்தது.

எனக்கு என்ன ஆனது என்று தெரியாது. "பொய்!" என்று கத்திவிட்டேன். "பரோட்டா தின்னாத்தான் வலிக்கும். சனிக்கெளம சனிக்கெளம வலிக்கும். கலியாண வீட்டு பிரியாணி தின்னப்பவும் வலிச்சுச்சு. முதுகுல தோள்பட்ட வரைக்கும் ஏறும். அப்பா வண்டி வெளியூருக்குப் போன வாரம் வலிக்கவே இல்ல."

"ஏட்டி, வாய மூடு!" என்று அம்மா அந்தக் காய்ச்சலிலும் என் தொடையைத் திருகினாள். நான் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

நர்சம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். "அண்ணே, விடியட்டும்னு இருக்காதீக. இப்பவே மதுரைக்குக் கெளம்புங்க. எண்ணெய்ப் பலகாரம் தின்னா வலி, தோள்பட்டைக்கு ஏறுது, இப்பக் குளிர் காய்ச்சல், காமாலை. பித்தப்பையில இருந்து கல்லு நழுவிப் பித்தக் குளாய அடச்சிருக்கும். சீழ் பிடிச்சா உசுருக்கே ஆபத்து."

"ஒரு கட்டு மந்திரிச்சுப் பாத்துட்டு..." என்று இழுத்தார் அப்பா.

"கல்லுக்கு மந்திரம் கேக்காதுண்ணே."

அந்தச் சிவப்புப் போனில் நர்சம்மா மதுரையில் தனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரிக்குப் பேசினார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு ரூபாயாகப் போட்டேன். வைத்தியரிடம் போக நின்ற வண்டி மதுரைக்குத் திரும்பியது. என்னை விட்டுவிட்டுப் போக வீட்டில் வேறு ஆள் இல்லாததால் நானும் ஏறிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அம்மாவின் வயிற்றில் கூழ் மாதிரி எதையோ தடவி, ஒரு கருவியை வைத்துத் தேய்த்தார்கள். டிவிப் பெட்டியில் கேபிள் போனால் வருகிற மாதிரி மங்கலாக ஏதோ தெரிந்தது. டாக்டர் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார். "இது பித்தப்பை. உள்ள வெள்ளையா தெரியுது பாருங்க, அதெல்லாம் கல். ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி கறுப்பா நிழல் விழுது பாருங்க. பித்தக் குழாயும் வீங்கியிருக்கு. ஒரு கல் அங்க போய் மாட்டிக்கிச்சு."

"மருந்துத் தூசிதான் கல்லாப் போச்சா சார்?" என்று கேட்டார் அப்பா.

"தூசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க." டாக்டர் ஒரு சீட்டில் படம் போட்டார். ஈரல் பித்தத்தைச் சுரக்கிறது, பித்தப்பை அதைச் சேர்த்து வைக்கிறது, எண்ணெயும் கொழுப்பும் வயிற்றுக்குள் வந்தால் அதைச் செரிக்கப் பை சுருங்கிப் பித்தத்தைப் பீய்ச்சுகிறது. "பித்தத்துல கொழுப்பு அதிகமானா கெட்டியாகிக் கல்லாகும். பட்டினி கிடந்தா பை சுருங்காது, பித்தம் உள்ளயே தேங்கிக் கிடக்கும். அப்புறம் எண்ணெய்ப் பலகாரம் போனதும் பை சுருங்கும். வாசல்ல கல் உட்கார்ந்திருந்தா வலி உயிர் போகும்."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். "ஒரு சாப்பாட்டால வந்ததுன்னு சொல்ல முடியாதுங்க. பிள்ளை பெத்த பெண்களுக்கு அதிகம் வரும். பட்டினியும் ஒரு காரணம். குடும்ப வாகும் உண்டு. நாளைக்கு இந்தப் பாப்பாவுக்கும் வரலாம். பரோட்டா வலியைக் கிளப்பிவிட்டது, அவ்வளவுதான்" என்றார். எத்தனையோ சொன்னார். அப்பாவின் காதில் ஏறியது பரோட்டா ஒன்றுதான் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

முதலில் வாய் வழியாகக் குழாய் விட்டு, அடைத்திருந்த கல்லை எடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது. கண் வெளுக்க ஆரம்பித்தது. சில நாள் கழித்து வயிற்றில் நாலு சின்ன ஓட்டை போட்டுக் கல்லோடு சேர்த்துப் பையையே எடுத்துவிட்டார்கள். பை இல்லாமல் எப்படிப் பிழைப்பாள் என்று அப்பா பதறினார். பித்தம் நேராகக் குடலுக்குப் போய்க்கொள்ளும், ஒரு குறையும் வராது என்றார்கள்.

கட்டிலில் எழுந்து உட்கார்ந்ததும் அம்மா என்னிடம் முதலில் என்ன சொன்னாள் தெரியுமா? "ஒன்ன யாருட்டி கேட்டா? அந்த மனுசன் ரெண்டு நாளா சோறு திங்கலையாம்." உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவளுக்குக் கிடைத்த மரியாதை! நான் கோபத்தில் வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டுப் பக்கத்தில் படுக்க வைத்து, தொடையில் தான் திருகிய இடத்தைத் தடவிக் கொடுத்தாள்.

எடுத்த கல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கடலை அளவில், பச்சையும் பழுப்புமாக, பட்டை தீட்டின மாதிரி. தீபாவளிக்கு வந்தவர்களுக்கெல்லாம் அம்மா அதிரசத்தோடு அந்த டப்பாவையும் எடுத்து நீட்டுவாள். பார்த்துவிட்டுப் போன மூன்று பெண்கள், "எனக்கும் அங்கனதான் வலிக்கி" என்று நர்சம்மா வீட்டு வாசலில் போய் நின்றார்கள். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது டப்பாவைக் காணோம். அம்மா வீட்டையே தலைகீழாகப் புரட்டினாள்.

"டேம்ல எறிஞ்சுட்டேன். வச்சுக் கும்பிட அது என்ன குலசாமியா?" என்றார் அப்பா. அதோடு பேச்சு முடிந்தது.

சனிக்கிழமைப் பொட்டலம் அந்த ஆஸ்பத்திரியோடேயே முடிந்திருந்தது. உடம்பு தேறிய பிறகு, கொஞ்சமாகச் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது என்று டாக்டரே சொன்னார். அம்மாவும் ஜாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தாள். "எனக்குத்தான் பையே இல்லையே. இனிமே என்ன பயம்? ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டு வாங்களேன்." அப்பா காதில் விழாத மாதிரி எழுந்து போய்விடுவார். வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதையும் விட்டுவிட்டார். சனிக்கிழமை மற்ற நாள் மாதிரி ஆகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு சொல் பேசியதில்லை. என்னைத் திட்டியதும் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

இனி போன மாதக் கதை. லீவுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தேன். அவன் செல்போனில் பரோட்டாவை எண்ணெயில் பொரிக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டுத் தாத்தாவை நச்சரித்தான். நான் அதட்டினேன். மறுநாள் சாயங்காலம் அப்பாவைக் காணோம். இருட்டுகிற நேரத்துக்கு வந்தார். நரைத்த தலை, கொஞ்சம் கூனல். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால்.

"கடையில சரியான கூட்டம் பேராண்டி. வாங்க முடியல."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அதனால என்ன? கஞ்சி இருக்கு. குடிச்சுக்கிருவோம்."

சிரித்தோம். அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அவள் பயமில்லாமல் ஒன்று தின்றாள். நான் மூன்று தின்றேன். இருபத்தைந்து வருஷத்து ஆசை, யார் தடுப்பார்கள்?

ஒரு மணி நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே பிடித்தது. பிறகு முதுகில், தோள்பட்டைக்கு அடியில் ஆணி. எனக்கு எந்த ஸ்கேனும் தேவைப்படவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டாள். அப்பா திண்டாடிப்போய் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார்.

காலையில் மூன்று பேருமாக விருதுநகரில் ஒரு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தோம். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அப்பா. நம் வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"வலி வர்றதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டீங்க?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அன்றைக்கு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே முகம். முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள், அம்மா மேல் இத்தனை வருஷம் கோபப்பட்டவள், அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறக்கிறேன், நாக்கு நுனியில் கஞ்சி வந்து நிற்கிறது. "க..." என்று ஆரம்பித்தும் விட்டேன்.

அப்பா என் கையைப் பிடித்தார்.

"பரோட்டா தாயி" என்றார் அந்த டாக்டர் பெண்ணிடம். "நாந்தான் வாங்கிட்டு வந்தேன். இவ ஆத்தாளுக்கும் அப்ப நாந்தான் வாங்கிக் குடுத்தேன். அவளுக்கும் கல்லுதான். ரெண்டு பேரும் எனக்குப் பாவம் பாத்துச் சொல்லமாட்டாக. நீங்க எளுதிக்கோங்க."

டாக்டர் எழுதவில்லை, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"அவுக சும்மா சொல்லுதாக டாக்டரம்மா. நாங்கதான் ஆசப்பட்டுத் தின்னோம்."